தக்காளியும் திருநீற்றுப்பச்சிலையும்

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தின் தெருக்கள் குறுகியவை. வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பவை. துணி ஆலைகளில் வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதி இது. இங்கே ஒரு வீட்டில் பிறந்தநாள் விருந்து என்றால், 12 பேர் வந்தாலே கூடம் நிறைந்துவிடும். அடுப்பில் பிரியாணி தம்மில் இருக்கும். குழந்தைகளோ பசியோடு சமையலறையை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த அரைமணி நேரத்தை நிறைவு செய்ய இத்தாலியர் ஒரு வழி வைத்திருக்கின்றனர். அதன் பெயர் ஆன்டிபாஸ்தோ. ‘ஆன்டி’ என்றால் முன். ‘பாஸ்தோ’ என்றால் உணவு. தமிழில் முன்னுணவு எனலாம். கடைகளில் விற்கும் பாஸ்தாவுக்கும் இச்சொல்லுக்கும் தொடர்பில்லை.

இத்தாலிய உணவு என்றவுடன் விலை மிகுந்த பொருள்கள் வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அதற்கு வேண்டியவற்றுள் பெரும்பாலானவை ஸ்ரீராம்புரத்திலேயே, தமிழ்ப் பெயர்களுடன் கிடைக்கின்றன. இத்தாலியர் ‘பசிலிகோ’ என்றும் ஆங்கிலேயர் ‘பேசில்’ என்றும் அழைக்கும் நறுமண இலை, தமிழில் திருநீற்றுப்பச்சிலை எனப்படும். துளசியின் உறவுச் செடி அது. கன்னடத்தில் காமகஸ்தூரி என்று கேட்டால் பூக்காரர்கள் அறிவர். பலூடாவில் வழுவழுப்பாக மிதக்கும் சப்ஜா விதையும் இச்செடியின் விதையே. மல்லிகையோடு சேர்த்துத் தொடுக்கப்படும் மருவும் அவ்வாறே. பீட்சாவின்மேல் தூவும் ஓரிகானோவுக்கு அது நெருங்கிய உறவு.

தக்காளியின் கதை வேறு. அது இத்தாலிக்கும் வந்தேறி, இந்தியாவுக்கும் வந்தேறி. தென் அமெரிக்காவில் தோன்றிய அச்செடியை 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றனர். இத்தாலியர் அதற்குப் ‘பொன் ஆப்பிள்’ என்று பொருள்படும் பெயரை இட்டனர். ஆயினும் அதை உண்ணத் துணிய நெடுங்காலம் ஆயிற்று. தமிழர் தம்மிடம் முன்பே இருந்த ஒரு சிறு பழத்தின் பெயரையே அதற்குத் தந்து, சீமைத்தக்காளி என்றனர். பின்னர்ச் ‘சீமை’ உதிர்ந்துவிட்டது. இன்று தமிழ்நாட்டுச் சந்தைகளில் நீள்வடிவான, கெட்டித் தோலுடைய தக்காளியைப் ‘பெங்களூர்த் தக்காளி’ என்றே கேட்டு வாங்குகின்றனர். முன்னுணவுக்கு ஏற்றது அதுவே. நாட்டுத் தக்காளி ரசத்துக்குச் சிறந்தது. இங்கே நீர் விட்டுக் கெடுத்துவிடும்.

முன்னுணவுகளுள் மிக எளியது புருஸ்கெட்டா. ‘புருஷெட்டா’ என்று சொல்வது பிழை. ரோம் வட்டார வழக்கில் ‘புருஸ்காரே’ என்றால் கனலில் வாட்டுதல். உலர்ந்துபோன ரொட்டியை வீணாக்காமல் நெருப்பில் வாட்டி, பூண்டைத் தேய்த்து, எண்ணெய் ஊற்றி உண்டதே இதன் தொடக்கம். ஆகவே இதற்குப் புதிய ரொட்டி தேவையில்லை. முதல்நாள் ரொட்டியே நல்லது. பெங்களூருவில் அதற்கு ஐயங்கார் பேக்கரி இருக்கிறது. ஹாசன் பகுதியிலிருந்து வந்து அத்தொழிலைத் தொடங்கிய ஹெப்பார் ஐயங்கார்களும் வீட்டில் ஒருவகைத் தமிழ் பேசுவோரே. அவர்களுடைய ரொட்டியில் வழக்கமாக முட்டை சேர்வதில்லை. ஆனால் அது மென்மையானது. எனவே துண்டு போடாத முழு ரொட்டியை வாங்கி, விரல் தடிப்பில் 12 துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் இரண்டாக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு வரும்.

துண்டுகளை எண்ணெய் விடாத தோசைக்கல்லில், சிறு தீயில், இருபுறமும் மொறுமொறுப்பாகும்வரை வாட்ட வேண்டும். அடுப்பருகே பெரியவர் ஒருவர் இருப்பது கட்டாயம். வாட்டிய ரொட்டியின் சொரசொரப்பான முகத்தில் உரித்த பூண்டுப் பல்லை இரண்டு முறை தேய்த்தால் போதும். ரொட்டியே துருவிபோலப் பூண்டை இழைத்துக்கொள்ளும். கூடுதலாகத் தேய்த்தால் பூண்டின் காரம் மற்றச் சுவைகளை மறைத்துவிடும்.

முக்கால் கிலோ தக்காளியின் விதைப்பகுதியை நீக்கிச் சிறு சதுரங்களாக நறுக்கி, அரைத் தேக்கரண்டி உப்பைக் கலந்து, வடிதட்டில் 15 நிமிடம் வைக்க வேண்டும். உப்பு தக்காளியின் நீரை வெளியே இழுக்கும். அந்நீர் வடியாவிட்டால் ரொட்டிக்குள் இறங்கி, விருந்தினர் கையில் எடுக்கும்போதே துண்டு தொய்ந்து விழும். இவ்வுணவு கெடுவது பெரும்பாலும் இந்த ஓரிடத்தில்தான். வடிந்த தக்காளியுடன் கிள்ளிய திருநீற்றுப்பச்சிலையையும் இரண்டு தேக்கரண்டி ஆலிவ் எண்ணெயையும் சேர்க்கலாம். ஆலிவ் எண்ணெய் விலை கூடுதல். சிறு புட்டி போதும். அதுவும் இல்லையெனில் செக்குக் கடலையெண்ணெய் பொருந்தும். நல்லெண்ணெய் வேண்டாம், அதன் மணம் இலையின் மணத்தை விழுங்கிவிடும்.

இரண்டாவது வகை கப்ரேசே. காப்ரி என்னும் தீவின் பெயரால் அமைந்தது. தக்காளி, மொசரெல்லா, பசிலிகோ இலை ஆகிய மூன்றும் இத்தாலியக் கொடியின் சிவப்பு, வெள்ளை, பச்சை நிறங்களைக் காட்டும். விருந்துக்கு இவற்றைச் சிறு குச்சிகளில் செருகித் தரலாம். 200 கிராம் மொசரெல்லாவை 24 துண்டுகளாக்கினால் கணக்குச் சரியாக வரும். பனீரையும் பயன்படுத்தலாம், வெதுவெதுப்பான உப்புநீரில் 10 நிமிடம் ஊறவைத்தால் மென்மையாகும். சுவை அதுவாகாது, ஆனால் குழந்தைகள் குறை சொல்வதில்லை.

இங்கே ஒன்றைக் கவனித்தாக வேண்டும். சீஸ் பால்பொருள்தானே என்று எண்ணிச் சைவ உணவு உண்ணும் பாட்டிக்கு அப்படியே கொடுத்துவிடக் கூடாது. பாலைத் திரிக்கச் சில நாடுகளில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனெட் என்னும் பொருளைச் சேர்க்கின்றனர். இத்தாலியின் புகழ்பெற்ற பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ் அம்முறையில்தான் செய்யப்பட வேண்டும் என்பது அங்குள்ள விதி. நுண்ணுயிரிலிருந்து பெறும் ரெனெட்டும் உண்டு. இந்தியாவில் விற்கும் பொதியின்மேல் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் ஐயம் இல்லை. விருந்தினரிடம் சொல்லாமல் பரிமாறிவிட்டுப் பின்னர் வருந்துவதைவிட, கடையில் ஒரு நிமிடம் நின்று படிப்பது எளிது.

குடைமிளகாயும் முன்னுணவாகும். கத்தரிக்காயைச் சுடுவதுபோலத் தீயில் சுட்டுத் தோலுரித்து, நீளமாகக் கீறி, உப்பும் எண்ணெயும் சேர்த்தால் முடிந்தது.

எல்லாவற்றையும் தனித்தனியே மூடி வைத்து, வாயிலில் செருப்புகள் சேரத் தொடங்கிய பிறகே தக்காளியை ரொட்டியின்மேல் வைக்க வேண்டும். சீஸ் செருகிய குச்சிகள் குளிர்பெட்டிக்கு வெளியே இரண்டு மணி நேரத்துக்குமேல் இருத்தல் கூடாது. நீக்கிய விதைப்பகுதியையும் வடிந்த நீரையும் கொட்டிவிட வேண்டாம். உப்பு ஏற்கெனவே இருப்பதால், மறுநாள் ரசத்தில் உப்பைச் சற்றுக் குறைத்துப் போட்டால் போதும்.