கச்சானையும் வாடையையும் பார்த்த பிறகு

தங்கச்சிமடத்தைத் தாண்டி, தென்னந்தோப்பு முடிந்து மணல்மேடு தொடங்கும் இடத்தில் மஞ்சள் பூசிய மனைக் கற்கள் வரிசையாக நின்றன. "படுத்த எடத்துல இருந்தே கடல் தெரியும் சார். அலைச் சத்தத்துலயே தூக்கம் வந்துரும்" என்றார் தரகர். சித்தப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. சென்னையில் முப்பது ஆண்டுக்கும் மேல் வங்கி வேலை, மாடி வீடு, மாநகரப் பேருந்து. ஓய்வு பெற்றதும் ராமேஸ்வரம் கரையில் ஒரு சிறிய வீடு என்பது அவர் நெடுநாளாக மனத்தில் கட்டி வைத்திருந்த ஆசை.

சித்தி மனையைப் பார்க்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் கிடுகு முடைந்துகொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம் போய் நின்றார்.

"இங்க தண்ணி எப்படிப் பாட்டி?"

"இங்கன ஏது தாயி தண்ணி? நாங்களே தோப்புக்குள்ள போயித்தான் எடுத்தாறோம். கச்சான் அடிச்சா இந்த மேட்டு மண்ணு பூராம் சோத்துல வந்து விழும். குடியிருக்கிற எடமா இது?"

அந்த மனையை அத்தோடு விட்டோம். 2025 மாசியில் நான்கு நாட்கள் நான் அவர்களோடு இந்தக் கரையைச் சுற்றினேன். அறுபதைத் தாண்டியவர்கள் வீட்டுக்கு இடம் தேடுவதை இவ்வளவு அருகிலிருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தமிழ்நாட்டு மக்களில் அறுபது கடந்தவர்கள் 2021-இல் 13.6 சதவீதம் என்று மத்திய அரசின் கணிப்பு. கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியவர் விகிதம் மிகுந்த மாநிலம் நம்முடையதுதான். பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, "இனி எங்கே?" என்ற கேள்வியோடு எத்தனையோ வீடுகளில் இருவர் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

மாசியில் இந்தக் கடல் கண்ணாடிபோல் கிடக்கும். வாடை ஓய்ந்து, கச்சான் இன்னும் பிறக்காத இடைவெளி அது. மனை பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் பார்ப்பது அந்த முகத்தைத்தான். ஆனால் இங்கே கடல்கள் இரண்டு. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஐப்பசி பிறந்தால் வாடை வடகடலைக் கலக்கும். சித்திரை கழிந்தால் தென்மேற்கிலிருந்து கச்சான் எழும்பித் தென்கடலைப் புரட்டும், மணலை வாரி இறைக்கும். பாம்பன் மீனவர்கள் காற்று மாறும்போது படகுகளை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாற்றிக் கட்டுவார்கள். படகை மாற்றிக் கட்டலாம், வீட்டை முடியாது. அதனால் எந்தக் கரையானாலும் முதலில் கேட்க வேண்டியது, இந்த இடத்தில் ஆனியிலும் கார்த்திகையிலும் என்ன நடக்கும் என்பதுதான். தரகரிடம் அல்ல, அங்கே கிடுகு முடைகிறவரிடம்.

அடுத்தது தண்ணீர். சென்னைக்காரர், மதுரைக்காரர் எவர் வந்தாலும் "போர் எத்தனை அடி?" என்று கேட்பார்கள். ஆழம் கூடினால் நல்லது என்பது நம் பழக்கம். இந்த மணல் கரையில் கணக்கே தலைகீழ். மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் எடை குறைந்தது, கடல்நீர் கனமானது. எண்ணெய் தண்ணீர் மேல் நிற்பதுபோல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படலம் நிற்கும். கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு உப்பை அது அழுத்தி வைத்திருக்கும் என்பது நீரியல் கணக்கு. மேலே ஓர் அடியை மோட்டார் வைத்து உறிஞ்சிவிட்டால் கீழே நாற்பது அடி உப்பு ஏறி வரும். ஏறிய உப்பு எளிதில் இறங்காது. அதனால்தான் இந்தப் பக்கத்துப் பழைய மனிதர்கள் ஆழமாகத் தோண்டவில்லை. மணலில் ஊற்று பறித்தார்கள், ஆழமில்லாத உறைக்கிணறு இறக்கினார்கள், வாளியால் இறைத்தார்கள். ராமநாதசுவாமி கோயிலுக்குள்ளேயே இருபத்திரண்டு தீர்த்தங்கள். தங்கச்சிமடத்துக்கு அருகே வில்லூன்றித் தீர்த்தத்தில் கடலுக்குள்ளேயே நன்னீர் ஊறுகிறது. இவற்றை வணங்குகிறவர்கள், ஒரு தீவில் குடிதண்ணீர் எவ்வளவு அரிது என்பதையும் சேர்த்தே வணங்குகிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

பாம்பன், தங்கச்சிமடம், உச்சிப்புளி ஊர்களில் தென்னை நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். வேருக்கு எட்டும் ஆழத்தில் நல்ல தண்ணீர் இருப்பதற்கு அது அடையாளம். உடைமரமும் சீமைக்கருவேலும் மட்டும் நின்றால் யோசிக்க வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்துக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிறது என்பது உண்மை. ஆனால் தெருக்களில் நான்கு சக்கரத் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கித் தள்ளிக்கொண்டு போகிற பெண்களையும் நான்கு நாளும் பார்த்தோம். எழுபது வயதில் அந்த வண்டியை யார் தள்ளுவது என்று சித்தி கேட்டபோது சித்தப்பாவிடம் பதில் இல்லை.

உப்புக்காற்றை அவர் ஒரு பொருட்டாகவே நினைத்திருக்கவில்லை. பாம்பனில் ஒருவர் எங்களைத் தன் வீட்டுக்குள் அழைத்துப்போய் ஜன்னல் கம்பியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். இரும்பு ஏடு ஏடாக உதிர்ந்து கையோடு வந்தது. கூரைத் தளத்தில் உள்ளிருக்கும் கம்பி துருவேறிப் பருத்து, பூச்சைப் பிளந்துகொண்டு வெளியே தெரிந்தது. கடல் மணலைக் கலவையில் சேர்த்துக் கட்டினால் இந்தச் சேதம் இன்னும் விரைவாக வரும். வைரம் பாய்ந்த பனஞ்சட்டமும் ஓடும் போட்ட பழைய வீடுகள் இதை அறிந்தே கட்டப்பட்டவை. கடல் பார்த்த வீட்டுக்கு ஓயாமல் பராமரிப்பு தேவை. ஓய்வூதியத்தில் வாழ்கிறவர் அந்தச் செலவை மனை விலையோடு சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

நிலத்தின் சட்டக் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் எங்கும் போலத்தான். இங்கே கூடுதலாக ஒன்று, கடலோர ஒழுங்குமுறை மண்டலம் (சி.ஆர்.இசட்.). உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அந்த விதிகள் செல்லும். 2011 அறிவிக்கையின்படி ஊரகக் கரையில் முதல் 200 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. 2019 அறிவிக்கை அந்தத் தூரத்தை ஊரின் வகைக்கேற்ப மாற்றியது. மணல்மேடுகள் தனிப் பாதுகாப்புக்கு உரியவை. "சி.ஆர்.இசட். எல்லாம் பிரச்சினையே இல்ல சார்" என்று எங்களிடம் மூன்று பேர் சொன்னார்கள். புல எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கடலோர மண்டல வரைபடத்தில் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. அங்கீகாரம் இல்லாத மனைகளின் பதிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் நிறுத்திய பிறகு எத்தனையோ ஓய்வூதியர்களின் சேமிப்பு கல் நட்ட மணலில் மாட்டிக்கொண்டது. அந்தத் துயரத்தை மறுபடி யாரும் படக் கூடாது.

தீவு என்பதன் பொருள் எங்களுக்கு ரயிலிலேயே புரிந்தது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றது. புதிய செங்குத்துத் தூக்குப் பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6-இல். இரண்டேகால் ஆண்டுக்கு மேல் ராமேஸ்வரத்துக்கு ரயில் இல்லை. நாங்கள் போன ரயிலும் பாலத்துக்கு இந்தப் பக்கத் தரையோடு நின்றுவிட்டது. 1988 அக்டோபர் 2-இல் திறந்த சாலைப் பாலம் ஒன்றுதான் அத்தனை நாளும் தீவைத் தாங்கியது. தை அமாவாசை, ஆடி அமாவாசை நாட்களில் அந்தச் சாலையில் வண்டிகள் நிற்கும் நிலையை யாரும் பார்த்திருக்கலாம். நள்ளிரவில் நெஞ்சு வலி வந்தால், ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர். அங்கே 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது இந்த மாவட்டத்துக்குப் பெரிய பேறு. அதற்கும் மேல் மருத்துவம் வேண்டுமென்றால் மதுரை. தீவிலிருந்து அது 170 கிலோமீட்டர் அளவில்.

மூன்றாம் நாள் தனுஷ்கோடிக்குப் போனோம். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017-இல் போட்ட சாலையில் இரண்டு பக்கமும் கடல். 1964 டிசம்பர் 22 நள்ளிரவு வந்த புயலலை, பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயிலையே வாரிக்கொண்டு போனது. ரயில் நிலையம், அஞ்சலகம், சுங்க அலுவலகம், தேவாலயம் என எல்லாம் இருந்த ஊர் அது. இலங்கைக்குக் கப்பல் ஏறுகிறவர்களால் நிறைந்திருந்த துறைமுகம். அதன்பின் அரசு அதை வாழத் தகாத இடம் என்று அறிவித்தது. இடிந்த தேவாலயச் சுவரின் நிழலில் சித்தப்பா வெகுநேரம் நின்றார். 2004 சுனாமியில் இலங்கைத் தீவு குறுக்கே நின்று இந்தக் கரையைப் பெருமளவு காத்தது. ஆனால் மழைக்கு அப்படி ஒரு தடுப்பு இல்லை. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 41 சென்டிமீட்டர் பெய்தது. ஆண்டு முழுவதுமே 80 சென்டிமீட்டரை ஒட்டி மழை காணும் மாவட்டத்தில் அதில் பாதி ஒரு பகலில் கொட்டிவிட்டது. அன்று எந்தத் தெருவில் தண்ணீர் நின்றது என்று கேட்டால் தேநீர்க் கடைக்காரர் விரல் நீட்டிக் காட்டுவார். எந்த வரைபடத்தையும்விட நான் நம்புவது அந்த விரலை.

தரைப்பக்கம் திரும்பி கீழக்கரைக்குப் போனது தற்செயல்தான். ஆனால் அந்தப் பயணத்தில் நான் மிகுதியாகக் கற்றுக்கொண்டது அங்கே. தலைமுறை தலைமுறையாக ஆண்கள் கடல் தாண்டிப் பிழைக்கப் போகும் ஊர். கொழும்பும் மலேயாவும் அன்று, வளைகுடா நாடுகள் இன்று. பிள்ளைகள் தொலைவில் இருப்பது அவர்களுக்குப் புதிய துயரமே இல்லை. திருமணத்துக்குப் பிறகு மகள் தாய்வீட்டை ஒட்டியே குடியிருப்பது அங்கே நெடுநாள் வழக்கம். மகளுக்கு வீடு கொடுப்பார்கள், அதுவும் அதே தெருவில் அல்லது அடுத்த தெருவில். அதனால் முதுமையில் தாயும் தகப்பனும் இடம் பெயர வேண்டியதில்லை. பேத்தி குறுக்குச் சந்து வழியாகக் கஞ்சி கொண்டுவருவாள். மருந்துக்கடைப் பையனுக்கு அவர்களுடைய மாத்திரையின் நிறம் தெரியும். தொழுகைக்கு வரவில்லையென்றால் யாராவது கதவைத் தட்டுவார்கள். "ஒறவு எட்டுற தூரத்துல இருக்கணும் வாப்பா, கடல் எங்க இருந்தா என்ன?" என்றார் எங்களுக்குத் தேநீர் கொடுத்த பெரியவர். சித்தி அதைத் தன் கைப்பையில் இருந்த நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார்.

அந்த உறவு நமக்கு இல்லையே என்கிறவர்களுக்காகத்தான் முதியோர் குடியிருப்புகள் வந்திருக்கின்றன. கோவைப் பக்கம் நிறைய. சாப்பாட்டுக் கூடம், செவிலியர், காவல் எல்லாம் உண்டு. பிரிட்டனில் இதற்கே 'பார்க் ஹோம்' என்று ஒரு வகை. நகர்த்தக்கூடிய சிறு வீட்டை முதியவர் வாங்குவார், அது நிற்கும் நிலம் இன்னொருவருடையது. அதற்குக் கட்டணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டை விற்றால் விலையில் பத்து சதவீதம் வரை நில உரிமையாளருக்குப் போகும். அங்கே இதற்கென்றே 1983-இல் சட்டம் இயற்றியிருக்கிறார்கள். நம் ஊரில் எந்தக் குடியிருப்புக்குப் போனாலும் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். நிலம் யார் பெயரில் இருக்கும், மாதக் கட்டணத்தை யார் எப்போது ஏற்றலாம், ஒருவர் காலமான பின் மற்றவர் அதே அறையில் இருக்கலாமா, பணம் யாருக்குத் திரும்பும். கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்டே ஆக வேண்டும்.

ராமநாதபுரம் கரையில் அத்தகைய குடியிருப்பை நம்பி நாங்கள் போகவில்லை. ஊருக்குள் வீடு என்றே முடிவானது. நான்காம் நாள் இரவு விடுதி அறையில் சித்தப்பாதான் அதைச் சொன்னார். "வாங்க வேணாம். ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பார்ப்போம். கச்சானையும் பார்க்கணும், வாடையையும் பார்க்கணும்." எனக்கு அவரிடம் பெரிய மரியாதை ஏற்பட்டது அப்போதுதான். கனவைக் கைவிடாமல், அதைச் சோதித்துப் பார்க்கிற பொறுமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

சித்திரை கடைசியில் உச்சிப்புளியில் குடியேறினார்கள். ஓட்டு வீடு, முன்னால் திண்ணை, பின்னால் தென்னையும் ஓர் உறைக்கிணறும். ராமநாதபுரம் ஆஸ்பத்திரி பேருந்தில் போய் மதியத்துக்குள் திரும்பும் தூரம். பாலம் கடக்க வேண்டியதில்லை. கடல் வீட்டிலிருந்து தெரியாது. வாரம் ஒருமுறை அரியமான் கரைக்குப் போய் வருகிறார்கள். ஆனியில் மணல் பறந்தபோது அவர்கள் தோப்புக்குள் இருந்தார்கள். சித்திக்கு ஆவணியில் காய்ச்சல் வந்தபோது, எதிர்வீட்டு அக்கா இரண்டு நாள் ரசம் வைத்துக் கொடுத்ததாகச் சொன்னார்.

ஐப்பசி நடுவில் சித்தப்பா அழைத்தார். பின்னால் மழைச் சத்தம் கேட்டது. மனை ஏதும் பார்த்தீர்களா என்றேன். இதே தெருவில் மூன்றாவது வீடு விலைக்கு வருவதாகவும், சித்தி அங்கே தினமும் போய்த் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பதாகவும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "டேய், நம்ம கிணத்துல ரெண்டு உறை ஏறியிருக்குடா" என்றார்.