கதிர் பொறுக்கிய கைகளில் இறைவன்

வரம்பும் வக்கடையும் இல்லாத இடத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தின் நாள் எப்படிப் போகும்? காலையில் குழாய்க்கிணற்றில் வரிசை. பின்பு கூலி வேலை தேடி நடை. பின்னேரம் அடுப்புக்கு விறகு. சொந்த வயலில் நின்றபோது உழவுக்கும் விதைப்புக்கும் சூடடிப்புக்கும் ஓர் அர்த்தம் இருந்தது. இப்போது செய்வதெல்லாம் வெறும் நாட்கழிப்பாகத் தோன்றுகிறது. ஞாயிறு கடவுளுக்கு, மற்ற ஆறு நாளும் கஷ்டத்துக்கு என்றே எம்மில் பலர் எண்ணிவிட்டோம். இது சரிதானா?

கல்முனைக் கரையில் இடம்பெயர்வு ஒரு சமூகத்தின் கதை மட்டுமல்ல. 1990ஆம் ஆண்டு வன்செயலில் தமிழரும் முஸ்லிம்களும் வீடு வயல்களை விட்டு ஓடினார்கள். 2004 டிசம்பர் 26இல் பொங்கிய கடல் மருதமுனை, பாண்டிருப்பு, சாய்ந்தமருது, காரைதீவு என்று ஊர் பாராமல் அள்ளிச் சென்றது. அன்று இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே.

ரூத்தின் வயல்

வேதாகமத்தில் ரூத்தின் புத்தகம் நான்கே அதிகாரங்கள். அது இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்தின் கதை. பெத்லகேமில் பஞ்சம் வர, எலிமெலேக்கும் நகோமியும் இரு ஆண்பிள்ளைகளோடு மோவாப் நாட்டுக்குப் போகிறார்கள். அங்கே ஆண்கள் மூவரும் இறந்துவிடுகிறார்கள். நகோமி மருமகள் ரூத்துடன் வெறுங்கையாய் ஊர் திரும்புகிறாள்.

இந்தக் கதையில் கடல் பிளக்கவில்லை. வானத்திலிருந்து மன்னா விழவில்லை. வாற்கோதுமை அறுவடையில் ரூத் சிந்திய கதிரைப் பொறுக்குகிறாள். மாலையில் அதை அடித்தெடுத்து மாமியாரிடம் கொண்டுபோகிறாள். இறைவன் அந்த வேலைக்குள்ளேதான் இருக்கிறார்.

அவள் பொறுக்கியது பிச்சையுமல்ல. வயலின் ஓரத்தை முற்றாக அறுக்கக் கூடாது, சிந்தியதை ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிட வேண்டும் என்பது லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தின் கட்டளை. எமது அயலவரான முஸ்லிம் விவசாயிகளுக்கும் இது புதிதல்ல. மழையில் விளைந்த நெல்லில் பத்தில் ஒன்றும், செலவழித்து நீர் பாய்ச்சிய நெல்லில் இருபதில் ஒன்றும் ஸக்காத்தாகக் கொடுப்பது அவர்களது மார்க்கக் கடமை. களவெட்டியில் இறைவனை நினைப்பது இந்த மண்ணின் பொது வழக்கம்.

அடுப்படியில் ஒரு துறவி

பிரான்ஸ் நாட்டில் 17ஆம் நூற்றாண்டில் சகோதரர் லோறன்ஸ் என்று ஒருவர் இருந்தார். இளமையில் போர்வீரர், போரில் காயப்பட்டவர். 1640இல் பாரிஸ் நகரக் கார்மேல் துறவிகளின் மடத்தில் சேர்ந்தார். எமது கல்முனைக் கார்மேல் பற்றிமா கல்லூரியின் பெயரில் உள்ள அதே கார்மேல்தான். மடத்தில் அவருக்குக் கிடைத்தது குசினி வேலை. பல ஆண்டுகள் சமைத்தார். பின்னர் செருப்புத் தைத்தார். முழந்தாளில் நின்று செபிக்கும்போது உணர்ந்த இறைபிரசன்னத்தைச் சட்டி பானைகளின் சத்தத்துக்குள்ளும் அவர் உணர்ந்தார். செய்யும் வேலையைக் கடவுளின் அன்புக்காகச் செய்வது ஒன்றே அவர் கண்ட வழி. 1691இல் அவர் இறந்தபின் அவரது கடிதங்களும் உரையாடல்களும் நூலாக வந்தன.

முகாமில் பன்பாய் இழைப்பவளும், பிறருடைய வயலில் களை பிடுங்குபவனும், பக்கத்துக் குடிசையின் காய்ச்சல்காரருக்குக் கஞ்சி வைப்பவளும் இதே வழியில் நடக்கலாம். இதற்குப் படிப்பும் தேவையில்லை, தனியான நேரமும் தேவையில்லை.

கசப்பையும் சொல்லலாம்

ஆனால், "எல்லாம் கடவுள் சித்தம், பொறுத்திருங்கள்" என்று சொல்ல நாம் வரவில்லை. ஊர் திரும்பிய நகோமி, தன் வாழ்வு கசந்துவிட்டது என்று பெண்கள் முன்னால் வாய்விட்டுச் சொன்னாள். வேதாகமம் அவளைக் கண்டிக்கவில்லை. அந்தக் கதை காணியையும் மறக்கவில்லை. நான்காம் அதிகாரத்தில் போவாஸ் ஊர்வாசலில் பத்து மூப்பர்களைச் சாட்சியாக இருத்தி, எலிமெலேக்கின் நிலத்தை மீட்கிறான்.

ஆகவே காணிக் கடதாசி தேடுவதும் ஆன்மீக வேலையே. உறுதியோ, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கிடைத்த பெர்மிட்டோ இருந்தால் பிரதி எடுத்து வேறோர் இடத்திலும் வையுங்கள். பழைய ஏக்கர் வரிப் பற்றுச்சீட்டையும் எறியாதீர்கள். கமநல சேவை நிலைய இடாப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். தனியே போகத் தயங்கும் விதவைப் பெண்ணோடு இருவர் கூடப் போங்கள். போவாஸ் செய்தது அதைத்தான்.

குழுவாகக் கலந்துரையாட

1. நேற்று நீங்கள் செய்த வேலைகளில் எதை இறைவனுக்கு என்று கொடுக்கலாம்?
2. எமது முகாமில் கசப்பைச் சொல்ல இடமில்லாமல் இருப்பவர் யார்? அவரிடம் யார் போவது?
3. யாருடைய காணிக்காக நாம் சாட்சியாக நிற்க முடியும்? அவர் வேறு சமூகத்தவர் என்றால் என்ன செய்வோம்?