ரசிகனுக்கும் வயதாகும்

வயது ஏறிவிட்டது என்பதை ஒரு மனிதனுக்கு முதலில் அறிவிப்பது எது? காதோரத்து நரை என்பர் சிலர். செய்தித்தாளைக் கை நீட்டித் தள்ளிப் பிடிக்கச் சொல்லும் கண் என்பர் வேறு சிலர். கிரிக்கெட் ரசிகனைக் கேட்டால் அவன் இவ்விரண்டையும் சொல்லமாட்டான். ஆட்டக்காரர்களின் பிறந்த ஆண்டைப் பார்த்தாலே போதும். அவனுக்கு அதுவே நிலைக்கண்ணாடி.

"சார், இந்த வயசிலும் ராத்திரி மேட்ச் பார்க்கப் போறீங்களா?" என்று மாணவ நண்பர்கள் சிலர் என்னைக் கேட்டதுண்டு. கேள்வியில் கேலி கொஞ்சம், வியப்பு கொஞ்சம். வரலாறு கற்பிப்பவனுக்கு எதையும் ஆண்டுவாரியாக விளக்கித்தான் பழக்கம். ஆகவே, ஒருவனுக்கு வயது ஏற ஏற அவனுடைய ரசனைக்கு என்ன நேர்கிறது என்பதை, சென்னையில் எல்லோரும் அறிந்த சேப்பாக்கம் மைதானத்தையே சான்றாக வைத்து விளக்க முற்படுகிறேன்.

பாட்டன் காலத்து மைதானம்

சேப்பாக்கம் மைதானம் 1916-இல் அமைந்தது. 1934 பிப்ரவரி 10-இல் இங்கு முதல் டெஸ்ட் ஆட்டம் தொடங்கியது. சரியாகப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1952-இல் அதே பிப்ரவரி 10 அன்று, இங்கிலாந்தை இதே மைதானத்தில் தோற்கடித்து இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. வினு மன்கட் அந்த ஆட்டத்தில் இரு இன்னிங்ஸிலும் சேர்த்து 12 விக்கெட்டுகளை வீழ்த்தினார். 1960-களிலிருந்து 1980-கள் வரை பல ஆண்டுகளில் பொங்கலை ஒட்டி டெஸ்ட் ஆட்டம் நடந்தது. அதனால் 'பொங்கல் டெஸ்ட்' என்ற பெயரே நிலைத்தது. புளியோதரைப் பொட்டலமும் தயிர்சாதத் தூக்கும் தோளில் டிரான்சிஸ்டருமாக மயிலாப்பூரிலிருந்தும் மாம்பலத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக மக்கள் வந்தனர். அது பகல் நேரத்துத் திருவிழா.

அத்திருவிழாவின் கடைசிக் காட்சிகளுள் ஒன்றை நான் பார்த்தேன். 1988 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான டெஸ்ட். பெரியப்பா என்னை அழைத்துச் சென்றார். எனக்குப் பதினொரு வயது. நரேந்திர ஹிர்வானி என்ற இளைஞர், தம் முதல் டெஸ்டிலேயே இன்னிங்ஸுக்கு எட்டாக மொத்தம் 16 விக்கெட்டுகளை எடுத்தார். அவருக்கு அப்போது 19 வயது. பெரியப்பாவோ, "சின்னப் பையன், எப்படிப் போடறான் பாரு!" என்று மாய்ந்து போனார். எனக்கு அந்தச் சொல் விளங்கவே இல்லை. என் கண்ணுக்கு ஹிர்வானி மீசை வைத்த பெரிய ஆளாகத் தெரிந்தார். ஒரே ஆட்டக்காரர் ஒருவருக்குச் சின்னப் பையனாகவும் மற்றொருவருக்கு அண்ணனாகவும் தோன்றினார்.

அண்ணன், தோழன், தம்பி

ரசிகனின் வாழ்வை மூன்று பருவங்களாகப் பிரிக்கலாம். முதற்பருவத்தில் ஆட்டக்காரர் எல்லோரும் நமக்கு அண்ணன்மார். அவர்கள் தோற்றால் நமக்குக் காய்ச்சல் வரும். இரண்டாம் பருவத்தில் அவர்கள் நம் வயதினர். அவர்களுடைய வெற்றி நம் தலைமுறையின் வெற்றியாகத் தோன்றும். மூன்றாம் பருவத்தில் அவர்கள் நம் தம்பியராகவும், பிறகு நம் மாணவர் வயதினராகவும் ஆகிவிடுவர்.

1999 ஜனவரி 31 ஞாயிற்றுக்கிழமை. பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்டின் நான்காம் நாள். எனக்கு 22 வயது. டெண்டுல்கருக்கு 25. நாங்கள் நான்கு நண்பர்கள். டிக்கெட்டுக்காக ஓர் இரவு முழுவதும் வாலாஜா சாலை நடைபாதையில் வரிசையில் கிடந்தவர்கள். வெற்றிக்கு 271 ஓட்டங்கள் தேவை. முதுகுவலியோடு ஆடி 136 எடுத்த டெண்டுல்கர் ஆட்டமிழந்தபோது வேண்டியிருந்தது 17 ஓட்டங்களே. எஞ்சிய மூன்று விக்கெட்டுகளும் நான்கு ஓட்டங்களுக்குள் சரிந்தன. இந்தியா 12 ஓட்டங்களில் தோற்றது.

சில நொடிகள் மைதானத்தில் பேச்சில்லை. பிறகு ஓரிடத்தில் கைதட்டல் எழுந்தது, அது பரவியது. மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டிற்று. அவர்கள் மைதானத்தை வலம் வந்தனர். சேப்பாக்கத்து ரசிகர்களை உலகம் இன்றும் புகழ்வது அந்தச் சில நிமிடங்களுக்காக. எங்கள் வரிசையில் முதலில் எழுந்தவர் முன்னிருக்கையிலிருந்த முதியவர் ஒருவர். எங்களுக்கோ எழுந்து நிற்க மனமில்லை, அழுகையே வந்தது. எங்களுள் ஒருவன்தான், "பெரியவரே நிக்கறாரு, எழுந்திருங்கடா" என்று எங்களைத் தோளைப் பிடித்துத் தூக்கினான். வெற்றியைத் தாண்டி ஆட்டத்தைப் பார்ப்பது வயது தரும் கல்வி என்பதையும், அதை மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்க முடியும் என்பதையும் அன்று கண்டேன்.

2013 நவம்பர் 16-இல் டெண்டுல்கர் ஓய்வு பெற்றார். அதன்பின் இந்திய டெஸ்ட் அணியில் என்னைவிட மூத்தவர் ஒருவருமில்லை. இனி அண்ணன் என்று அழைக்கக் களத்தில் ஆளில்லை என்பதை உணரும் நாள் எல்லா ரசிகருக்கும் ஒருமுறை வரும். ஓய்வூதியக் கணக்கைப் பற்றிய நினைப்பும் ஏறக்குறைய அப்போதுதான் வருகிறது!

பகல் இரவானது

இதனிடையே ஆட்டமும் பகலிலிருந்து இரவுக்கு மாறியது. 1996 மார்ச் 11-இல் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் மோதிய உலகக் கோப்பைக் காலிறுதி, சேப்பாக்கத்தில் விளக்கொளியில் நடந்தது. 2008-இல் ஐ.பி.எல். வந்தபின் இரவு ஆட்டமே வழக்கமாயிற்று. ஐந்து நாள் ஆட்டம் நான்கு மணி நேரத்துக்குள் அடங்கிவிட்டதால், அலுவலகம் முடித்து வருவோரும் கல்லூரி முடித்து வருவோரும் ஒன்றாக உட்கார முடிந்தது. இரவில் பனியும் ஓர் ஆட்டக்காரராகச் சேர்ந்துகொள்கிறது. கடற்காற்றில் ஈரம் மிகுதி. வெயில் தாழ்ந்து புல் குளிர்ந்ததும் அந்த ஈரம் புல்லின்மேல் நீராகப் படிகிறது. பந்து நனைந்து வழுக்குவதால் சுழற்பந்து வீச்சாளருக்குப் பிடி கிடைப்பதில்லை. பின்னால் பந்து வீசும் அணிக்கு இதனால் தொல்லை.

சென்னை அணிக்கும் வயதுக்கும் ஒரு தனி உறவு உண்டு. 2018-இல் அந்த அணியில் முப்பதைத் தாண்டியவர் பலர். தோனிக்கு 36, வாட்சனுக்கு 36, ஹர்பஜனுக்கு 37, இம்ரான் தாகிருக்கு 39. பத்திரிகைகள் அதனை 'அப்பாக்கள் படை' என்று கேலி செய்தன. காவிரிப் போராட்டத்தின்போது ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டன. அப்போது ஏப்ரல் 19-இல் சென்னை ரசிகர்கள் தனி ரயிலொன்றில் விசிலடித்துக்கொண்டே புனேவுக்குப் புறப்பட்டனர். மறுநாள் வாட்சன் 106 ஓட்டங்கள் அடித்தார். மே 27-இல் நடந்த இறுதி ஆட்டத்தில் அதே வாட்சன் ஆட்டமிழக்காமல் 117 அடிக்க, அப்பாக்கள் படை கோப்பையை வென்றது. தெருமுனைக் கடைக்கு ஸ்கூட்டரில் போய்வரும் எங்கள் வயதினருக்கு அன்று நடையே நிமிர்ந்துவிட்டது.

ஓர் இரவு

2025 மார்ச் 28 வெள்ளிக்கிழமை. சென்னையும் பெங்களூருவும் மோதும் ஆட்டம். 1999-இல் வரிசையில் கிடந்த நால்வரில் மூவர் போனோம். ஒருவர் மந்தைவெளியில் மளிகைக் கடை வைத்திருப்பவர், மற்றொருவர் தியாகராய நகர் வங்கி ஒன்றில் பணிபுரிபவர், நான் மூன்றாமவன். எங்களைத் தோளைப் பிடித்துத் தூக்கியவன் 2021-இல் கொரோனாவில் போய்விட்டான். அவனுடைய இடத்துக்கு, கல்லூரியில் படிக்கும் அவன் மகனை அழைத்துக்கொண்டோம். டிக்கெட் எடுத்ததும் அந்தப் பிள்ளைதான். நடைபாதை வரிசை போய், கைபேசியில் எண் வரும்வரை காத்திருக்கும் வரிசை வந்துவிட்டதல்லவா?

திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறிச் சேப்பாக்கத்தில் இறங்கினோம். மேல்தளப் படிகளில் கடைக்காரர் இருமுறை நின்று மூச்சு வாங்கினார். "உனக்காகத்தான்டா நிக்கறேன்" என்று வங்கி நண்பரிடம் சொன்னார். ஆட்டத்தில் முதலில் பெங்களூரு 196 எடுத்தது. 43 வயதுத் தோனி, சால்ட்டை ஸ்டம்பிங் செய்த வேகத்தைக் கண் தொடர முடியவில்லை. ஆனால் சென்னையின் ஆட்டம் பாதியிலேயே தளர்ந்துவிட்டது. எட்டாவதாக வந்தவர் அஸ்வின். மேற்கு மாம்பலத்துத் தெருவில் ஆடி வளர்ந்த நம்மூர்ப் பிள்ளை.

அந்த அஸ்வின் ஆட்டமிழந்ததும் மைதானமே அதிரும்படி ஆரவாரம் எழுந்தது. மகிழ்ச்சி ஆரவாரம்! அடுத்து வருபவர் தோனி என்பதே காரணம். எங்கள் பிள்ளையும் நாற்காலிமேல் ஏறி விசிலடித்தான். வங்கி நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நம்ம விக்கெட் விழுந்ததுக்கா கை தட்டறே?"

"தல வராரு அங்கிள்!"

"ஜெயிக்கவே போறதில்லையே. வந்து என்ன பண்ணப் போறார்?"

அவன் பதில் சொல்லவில்லை. தோனி 16 பந்துகளில் 30 எடுத்து, கடைசி ஓவரில் இரண்டு சிக்ஸரும் அடித்தார். சென்னை 50 ஓட்டங்களில் தோற்றது. 2008-க்குப் பின் பெங்களூரு அணி சேப்பாக்கத்தில் சென்னையை வென்றது அன்றுதான். தோற்றும் கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது.

பெல்ஸ் சாலை வழியாகத் திருவல்லிக்கேணிக்கு நடந்து, ஒரு கடையில் பாதாம் பால் குடித்தோம். மணி பன்னிரண்டாகப் போகிறது. கடைக்காரர், "தோத்ததுக்கு எனக்கு வருத்தமே வரலடா. அதுதான் வருத்தமா இருக்கு" என்றார். வங்கி நண்பர் பழைய வாதத்தை மீண்டும் எடுத்தார். "அணியைவிட ஒரு ஆள் பெரிசாப் போயிட்டா அது ரசனையாடா?" என்றார்.

அப்போதுதான் அந்தப் பிள்ளை வாய் திறந்தான். "அங்கிள், அப்பாகூட நான் கடைசியா மேட்ச் வந்தது 2019-ல. அன்னிக்கு ஆடினவங்க முக்காவாசிப் பேர் இப்போ டீம்ல இல்லை. தோனி மட்டும் அதே மஞ்சள் சட்டையில அப்படியே வராரு. அவர் வரணும்னுதான் கத்தினேன்."

வங்கி நண்பர் அதன்பின் வாதாடவில்லை. அவன் கையிலிருந்த காலிக் குவளையை வாங்கி வைத்துவிட்டு, "இன்னொண்ணு குடிக்கறியாடா?" என்று மட்டும் கேட்டார்.

விளக்கம்

தன் அணியின் விக்கெட் விழவேண்டுமென்று சொந்த ஊர்க் கூட்டமே விரும்புவது விந்தையே. விளையாட்டின் இலக்கணத்துக்கு அது முரண் என்ற வங்கி நண்பரின் வாதத்தை நான் மறுக்கவில்லை. அவுட்டாகி வெளியே வரும் அஸ்வினுக்கும் ஜடேஜாவுக்கும் அந்த ஆரவாரம் இனித்திருக்காது. ஆயினும் இதனைக் கண்மூடித்தனம் என்று தள்ளிவிடுவதும் பொருந்தாது. கூட்டம் ஓட்டங்களைக் கேட்கவில்லை. காலம் கொஞ்சம் நிற்கட்டும் என்று கேட்கிறது. 2019-க்குப்பின் 2023 வரை சென்னை அணி ஐ.பி.எல். ஆட்டத்துக்காகச் சேப்பாக்கத்துக்கு வரவே இல்லை. அந்த இடைவெளியில் ஒவ்வொரு வீட்டிலும் எத்தனையோ மாறிவிட்டன. மாறாமல் மீண்டு வந்த முகத்தைக் கண்டதும் மக்கள் எழுந்து கூவினர். முதுமையின் ஏக்கம் முதியவருக்கு மட்டும் உரியதென்று நினைத்திருந்தேன். பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கும் அது உண்டென்று பாதாம் பால் கடையில் அறிந்தேன்.

ஆனால் காலம் நிற்பதில்லை. தோனியின் முழங்கால் முன்போல் இல்லை, பத்து ஓவர் முழுதும் ஓடி ஆட இயலாது என்று அணியின் பயிற்சியாளர் பிளெமிங்கே அந்த வாரம் வெளிப்படையாகக் கூறினார். அந்த ஆண்டு ஆகஸ்டில் அஸ்வின் ஐ.பி.எல்.-இலிருந்தும் ஓய்வு பெற்றார். 2025 பட்டியலில் சென்னை கடைசி இடம் பிடித்தது. அதே ஆண்டில்தான் ஆயுஷ் மாத்ரே என்ற பதினேழு வயதுப் பையன் மஞ்சள் சட்டை அணிந்தார். மே 3-இல் பெங்களூருவில் 48 பந்துகளில் 94 அடித்தார். சென்னை அந்த ஆட்டத்திலும் இரண்டு ஓட்டங்களில் தோற்றது. அவர் வெளியேறியபோது வீட்டில் தொலைக்காட்சி முன் எழுந்து நின்று கைதட்டினேன். நம் கல்லூரி முதலாண்டு வகுப்பில் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" என்று சொல்லக்கூடிய வயது! "சின்னப் பையன், எப்படி அடிக்கறான் பாரு!" என்று என் வாயிலிருந்து வந்த சொல், பெரியப்பாவின் சொல்.

மாணவ நண்பர்களே, ரசிகனுக்கு வயதாவது என்றால் ஆர்வம் வற்றிப்போவதன்று. முதலில் வெற்றியைப் பார்த்த கண், பிறகு ஆட்டத்தைப் பார்க்கிறது. அதற்கும் பிறகு, பக்கத்து இருக்கையில் யார் இருக்கிறார் என்று பார்க்கிறது. 2007-இல் பிறந்த மாத்ரேக்கு 43 வயதாகும் ஆண்டு 2050. அப்போது உங்களுக்கும் ஏறக்குறைய அதே வயதாயிருக்கும். அன்று எவர் ஆடுவார், எந்த அணி வெல்லும் என்பதை எவராலும் சொல்ல இயலாது. உங்களோடு படியேறி வரப்போகிறவர் யார் என்பதை மட்டும் இன்றே, இந்தக் கல்லூரி மரத்தடியிலேயே, நீங்கள் தேடிக்கொள்ளலாம்.