கணினியில் நுண்செயலி பொருத்துதல்

நுண்செயலி பொருத்துதல் என்பது, பாகங்களைத் தனித்தனியாக வாங்கி மேசைக் கணினியை வீட்டிலேயே அமைக்கும்போது, நுண்செயலியைத் தாய்ப்பலகையின் சாக்கெட்டில் அமர்த்தும் பணியாகும். கடைகளில் இவை புராசசர், மதர்போர்டு என்றே கேட்டு வாங்கப்படுகின்றன. சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு இப்பாகங்களுக்குப் பெயர்பெற்றது.

வேலை சில நிமிடங்களே. ஆனால் ஓர் ஊசி வளைந்தாலும் விலையுயர்ந்த பாகம் பயனற்றுப் போகலாம். வளைந்த ஊசிக்குப் பெரும்பாலும் வாரண்டி கிடைப்பதில்லை. எனவே முதல் விதி: நுண்செயலியை விரலால் அழுத்தக் கூடாது. சரியான நிலையில் வைத்தால் தன் எடையாலேயே அமரும்.

சாக்கெட் வகைகள்

இன்டெல் 2004-இல் வெளியிட்ட எல்ஜிஏ 775 முதல், அதன் மேசைக் கணினிகளில் ஊசிகள் சாக்கெட்டில் உள்ளன. 2021-இல் வந்த எல்ஜிஏ 1700-இல் அவற்றின் எண்ணிக்கை 1700. ஏஎம்டியின் ஏஎம்4 வகையில் 1331 ஊசிகள் நுண்செயலியின் அடியில் இருக்கும். 2022-இல் வந்த ஏஎம்5-இல் 1718 ஊசிகளும் சாக்கெட்டுக்கு மாறின. எனவே ஏஎம்4-இல் நுண்செயலியையும், மற்றவற்றில் தாய்ப்பலகையையும் கூடுதல் கவனத்துடன் கையாள வேண்டும்.

சாக்கெட் பொருந்தினால் மட்டும் போதாது. தாய்ப்பலகையின் பயாஸ் பதிப்பு அந்த நுண்செயலியை ஏற்குமா என்பதை, வாங்கும் முன்பே தயாரிப்பாளரின் பட்டியலில் பார்க்க வேண்டும்.

பொருத்தும் முறை

1. தாய்ப்பலகையை கேபினெட்டில் மாட்டும் முன், அதன் அட்டைப்பெட்டி மீது வைத்துக்கொள்ள வேண்டும்.
2. சாக்கெட்டின் லீவரைக் கீழே அழுத்தி, பக்கவாட்டில் விலக்கி, மேலே தூக்க வேண்டும். எல்ஜிஏ வகையில் உலோக மூடியையும் திறக்க வேண்டும்.
3. நுண்செயலியை ஓரங்களில் மட்டும் பிடித்து, அதன் மூலையிலுள்ள முக்கோணக் குறியைச் சாக்கெட்டின் குறியோடு பொருத்தி, நேராக இறக்க வேண்டும். நகர்த்தித் தேய்க்கக் கூடாது.
4. மூடியையும் லீவரையும் பூட்ட வேண்டும். எல்ஜிஏ வகையில் லீவர் சற்று இறுக்கமாக இருப்பது இயல்பே. அப்போது கழன்று வரும் பிளாஸ்டிக் மூடியைப் பத்திரப்படுத்த வேண்டும்.
5. நுண்செயலியின் மேல் ஒரு பட்டாணி அளவு வெப்பப் பசை இட்டு, கூலரின் திருகுகளை எதிரெதிர் மூலையாகச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். கூலரிலேயே பசை பூசப்பட்டிருந்தால் மீண்டும் இடத் தேவையில்லை. அடியில் ஒட்டியுள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்கக் கூடாது.
6. கூலர் விசிறியின் கம்பியைத் தாய்ப்பலகையில் சிபியூ ஃபேன் எனக் குறித்த இடத்தில் செருக வேண்டும்.

வடசென்னைச் சூழல்

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகியவை கடலோரத் தொழிற்பகுதிகள். ஈரக் காற்றில் நிலைமின்சாரம் குறையுமே தவிர முற்றிலும் நீங்காது. கேபினெட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்ட பின் வேலையைத் தொடங்குவது நல்லது. இங்கு வியர்வையே பெரிய சிக்கல். அதன் உப்பு தொடுமுனைகளில் படிந்தால் நாளடைவில் அரிப்பு ஏற்படலாம். கைகளைக் கழுவி, நன்கு உலர்த்திய பிறகே பாகங்களைத் தொட வேண்டும்.

2001 முதல் இயங்கும் எண்ணூர் காமராசர் துறைமுகம், அனல்மின் நிலையங்களுக்கான நிலக்கரியைக் கையாளும் நோக்கில் அமைக்கப்பட்டது. சரக்கு லாரிகளும் தொழிற்சாலைகளும் நிறைந்த இப்பகுதியில் கூலரின் தகடுகளுக்கிடையே தூசி அடைந்தால் வெப்பம் வெளியேறாது. கணினியைத் தரையிலோ சாலையைப் பார்த்த சன்னலருகிலோ வைக்காமல், கூலரை அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும்.

சரிபார்த்தல்

மின்னிணைப்பு தந்ததும் பயாஸ் திரையில் நுண்செயலியின் பெயரும் வெப்பநிலையும் தெரியும். காற்றால் குளிரும் கூலர் அறை வெப்பத்துக்குக் கீழே இறக்காது. ஆகவே கோடையில் அளவு சற்றுக் கூடுதலாக இருப்பது இயல்பு. ஆனால் நிற்காமல் விரைவாக ஏறினால் உடனே அணைத்து, கூலர் சரியாக அமர்ந்துள்ளதா, விசிறி சுழல்கிறதா எனப் பார்க்க வேண்டும்.

ஏஎம்4-இல் கூலரைக் கழற்ற நேர்ந்தால், கணினியைச் சிறிது நேரம் இயக்கிப் பசை இளகிய பின், மின்னிணைப்பைத் துண்டித்து, இடவலமாகத் திருகி எடுக்க வேண்டும். வெடுக்கென இழுத்தால் நுண்செயலியும் சேர்ந்து வந்து ஊசிகள் வளையக்கூடும்.