திண்மங்களின் வெப்ப விரிவு

திண்மங்களின் வெப்ப விரிவு என்பது, ஒரு திண்மப் பொருளின் வெப்பநிலை உயரும்போது அதன் நீளம், பரப்பு, பருமன் ஆகியவை கூடுவதைக் குறிக்கும். வெப்பநிலை குறையும்போது அப்பொருள் மீண்டும் சுருங்குகிறது. இது வெப்பச் சுருக்கம் எனப்படும். பெரும்பாலான திண்மங்கள் இவ்வியல்பைக் கொண்டுள்ளன.

இவ்விரிவின் அளவு மிகச் சிறியது. ஒரு மீட்டர் நீளமுள்ள உருக்குக் கம்பியின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியசு உயர்த்தினால், அதன் நீளம் ஏறத்தாழ 0.012 மில்லிமீட்டர் மட்டுமே கூடும். ஆனால் இச்சிறு மாற்றத்தைத் தடுக்க முற்பட்டால் மிகப் பெரிய விசை தோன்றுகிறது. ஆகவே தண்டவாளங்கள், பாலங்கள், கட்டிடங்கள், கடிகாரங்கள், தொலைநோக்கிகள் போன்றவற்றை வடிவமைப்போர் வெப்ப விரிவைக் கட்டாயம் கணக்கில் கொள்கின்றனர்.

விரிவு ஏற்படக் காரணம்

திண்மத்தில் உள்ள அணுக்கள் தத்தம் இடத்தை மையமாகக் கொண்டு இடைவிடாமல் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. வெப்பநிலை உயர உயர இவ்வதிர்வின் வீச்சு கூடுகிறது. எனினும், அதிர்வு கூடுவது மட்டுமே விரிவுக்குப் போதிய காரணம் ஆகாது. ஓர் அணு இரு பக்கமும் ஒரே அளவு விலகி அதிர்ந்தால், அதன் சராசரி இடம் மாறாது, பொருளும் விரியாது.

அணுக்களுக்கு இடையேயான விசை சமச்சீரற்றது என்பதே உண்மையான காரணம் ஆகும். இரு அணுக்கள் நெருங்கும்போது அவற்றுக்கிடையேயான விலக்கு விசை மிக விரைவாகக் கூடுகிறது. அவை விலகும்போதோ, அவற்றை மீண்டும் இழுக்கும் விசை அந்த அளவுக்கு விரைவாகக் கூடுவதில்லை. எனவே அதிர்வு பெரிதாகும்போது அணுக்கள் நெருங்குவதைவிடக் கூடுதலாக விலகுகின்றன; அவற்றின் சராசரி இடைத்தூரம் அதிகரிக்கிறது. இங்கு அணுக்கள் பருப்பதில்லை, அவற்றுக்கு இடையேயான தூரமே கூடுகிறது.

அணுப் பிணைப்பு வலிமையாக உள்ள பொருட்கள் பொதுவாகக் குறைவாக விரிகின்றன. 3400 பாகைக்கு மேல் உருகும் தங்குதன், 327 பாகையிலேயே உருகும் ஈயம் விரிவதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே விரிகிறது.

நீள்விரிவுக் குணகம்

ஒரு பொருளின் வெப்பநிலை ஒரு பாகை உயரும்போது, அதன் ஓரலகு நீளத்தில் ஏற்படும் நீட்சி நீள்விரிவுக் குணகம் எனப்படும். நீள மாற்றத்தைப் பின்வருமாறு கணக்கிடலாம்:

நீள மாற்றம் = நீள்விரிவுக் குணகம் × தொடக்க நீளம் × வெப்பநிலை மாற்றம்

அறை வெப்பநிலையை ஒட்டிய சில பொருட்களின் குணகங்கள் கீழே தரப்பட்டுள்ளன. எண்கள் ஏறத்தாழவானவை. ஒரு பாகை செல்சியசுக்கு, நீளத்தின் பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என்பதை இவை குறிக்கின்றன.

* ஈயம் – 29
* அலுமினியம் – 23
* பித்தளை – 19
* செப்பு – 17
* உருக்கு – 12
* சாதாரண கண்ணாடி – 9
* தங்குதன் – 4.5
* போரோசிலிக்கேட்டுக் கண்ணாடி – 3.3
* இன்வார் – 1.2
* வைரம் – 1
* உருக்கிய குவார்ட்சு – 0.5

எடுத்துக்காட்டாக, 1889 ஆம் ஆண்டில் பாரிசு நகரில் கட்டி முடிக்கப்பட்ட ஈபெல் கோபுரத்தின் இரும்புக் கட்டமைப்பு ஏறத்தாழ 300 மீட்டர் உயரமானது. குளிர்காலத்துக்கும் கோடைக்கும் இடையே இரும்பின் வெப்பநிலை 40 பாகை மாறுபடுவதாகக் கொண்டால், அதன் உயரம் ஏறத்தாழ 14 சென்ட்டிமீட்டர் மாறும்.

பரப்பு விரிவும் பரும விரிவும்

ஒரு தகடு சூடாகும்போது அதன் நீளமும் அகலமும் ஒருசேரக் கூடுகின்றன. எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் விரியும் பொருளுக்குப் பரப்பு விரிவுக் குணகம் நீள்விரிவுக் குணகத்தின் இரு மடங்காகவும், பரும விரிவுக் குணகம் மூன்று மடங்காகவும் இருக்கும்.

துளையுள்ள தகட்டைச் சூடாக்கினால் துளை சிறிதாகும் எனப் பலர் கருதுவதுண்டு. இது தவறு, துளையும் பெரிதாகும். துளையிடப்படாத தகட்டில் ஒரு வட்டம் வரைந்திருப்பதாகக் கொள்வோம். தகடு விரியும்போது அவ்வட்டமும் விரியும். வட்டத்தின் உட்பகுதியை வெட்டி நீக்கிவிட்டாலும் அதன் விளிம்பு அதே அளவே விரியும். நெதர்லாந்து அறிவியலாளர் வில்லெம் கிராவசாண்டேயின் (1688–1742) பெயரால் வழங்கும் பந்தும் வளையமும் சோதனையில், குளிர்ந்த நிலையில் வளையத்தினூடே செல்லும் உலோகப் பந்து, சூடாக்கியபின் செல்வதில்லை. வளையத்தையும் சூடாக்கினால் பந்து மீண்டும் செல்கிறது. கண்ணாடிப் புட்டியின் இறுகிய உலோக மூடியை வெந்நீரில் காட்டித் திறப்பதும் இவ்வடிப்படையிலேயே ஆகும்.

தடுக்கப்பட்ட விரிவும் வெப்பத் தகைவும்

தடையின்றி விரியும் பொருளில் விசை ஏதும் தோன்றுவதில்லை. இரு முனைகளும் அசையாதபடி பிடிக்கப்பட்டால், அப்பொருளில் வெப்பத் தகைவு உண்டாகிறது. இதன் அளவு, பொருளின் யங் குணகம், நீள்விரிவுக் குணகம், வெப்பநிலை மாற்றம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலன் ஆகும். இதில் நீளம் இடம்பெறவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. ஒரு மீட்டர் கம்பியாயினும் ஒரு கிலோமீட்டர் கம்பியாயினும் தகைவு ஒன்றே.

தண்டவாளங்கள்

முற்காலத்தில் தண்டவாளத் துண்டுகளுக்கு இடையே சிறு இடைவெளி விட்டு, அவற்றை இணைப்புத் தகடுகளால் பூட்டினர். 13 மீட்டர் நீளத் தண்டவாளம் 40 பாகை வெப்பநிலை உயர்வில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளும். அதற்கான இடமே இவ்விடைவெளி. தொடர்வண்டி செல்லும்போது சீராக எழும் தட்டல் ஒலி, சக்கரங்கள் இவ்விணைப்புகளைக் கடப்பதால் ஏற்படுவது.

இக்காலத்தில் தண்டவாளங்கள் நீண்ட தொலைவுக்குப் பற்றவைக்கப்படுகின்றன. இவற்றில் இடைவெளி இல்லை. குறுக்குக் கட்டைகளும் கருங்கல் சல்லியும் தண்டவாளத்தை அசையாமல் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே விரிவு முழுவதும் தகைவாக மாறுகிறது. உருக்கின் யங் குணகத்தை 200 கிகாபாசுக்கல் எனக் கொண்டால், 30 பாகை உயர்வுக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 72 நியூட்டன் தகைவு கிடைக்கும். மீட்டருக்கு 60 கிலோகிராம் எடையுள்ள தண்டவாளத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 77 சதுர சென்ட்டிமீட்டர் ஆகும். எனவே ஒவ்வொரு தண்டவாளத்திலும் ஏறத்தாழ 55 டன் எடைக்கு ஈடான அமுக்க விசை நிலவும்.

சல்லி தளர்ந்திருந்தாலோ, பாதை சற்றே வளைந்திருந்தாலோ, இவ்விசை தண்டவாளத்தைப் பக்கவாட்டில் நெளியச் செய்து தொடர்வண்டி தடம்புரளக் காரணமாகலாம். மாறாக, கடுங்குளிரில் தண்டவாளம் சுருங்க முற்பட்டு இழுவிசைக்கு உள்ளாகி முறியக்கூடும். இவ்விரண்டையும் தவிர்க்க, அப்பகுதியின் மிகக் குறைந்த வெப்பநிலைக்கும் மிகக் கூடிய வெப்பநிலைக்கும் இடைப்பட்ட ஒரு வெப்பநிலை தேர்ந்தெடுக்கப்படுகிறது. அந்த வெப்பநிலையில் தகைவு சுழியாக இருக்கும்படி தண்டவாளம் பொருத்தப்படுகிறது. வெயிலில் தண்டவாளம் சுற்றியுள்ள காற்றைவிடப் பல பாகை கூடுதலாகச் சூடாகும் என்பதால், காற்றின் வெப்பநிலை மட்டுமன்றித் தண்டவாளத்தின் வெப்பநிலையும் அளக்கப்படுகிறது.

பாலங்களும் கட்டிடங்களும்

பாலத்தின் ஒரு முனையை நிலையாகப் பொருத்தி, மறு முனையை உருளைகள் அல்லது நழுவும் தாங்கிகள் மேல் அமைப்பது வழக்கம். நீண்ட கட்டிடங்களில் விரிவு இடைவெளிகள் விடப்படுகின்றன. கற்காரையின் (கான்கிரீட்டு) குணகமும் உருக்கின் குணகமும் ஏறக்குறைய சமமாக அமைந்திருப்பது ஒரு நற்பேறு. அவை பெரிதும் வேறுபட்டிருந்தால், கம்பியும் கற்காரையும் வெவ்வேறு அளவில் விரிந்து ஒன்றையொன்று விட்டு விலகும்; கற்காரையில் விரிசல் விழும்.

கண்ணாடி

தடித்த கண்ணாடிக் குவளையில் கொதிநீரை ஊற்றினால், உட்பக்கம் உடனே விரிகிறது. கண்ணாடி வெப்பத்தை அரிதாகவே கடத்துவதால் வெளிப்பக்கம் குளிர்ந்தே இருக்கிறது. உட்பக்கத்தின் விரிவால் வெளிப்பக்கம் இழுவிசைக்கு உள்ளாகிறது. கண்ணாடி இழுவிசையைத் தாங்கும் திறன் குறைந்தது. ஆகவே விரிசல் விடுகிறது. மெல்லிய குவளையில் இரு பக்கமும் விரைவில் ஒரே வெப்பநிலையை அடைவதால் ஆபத்து குறைவு. ஆய்வுக்கூடக் கலங்களுக்குக் குறைவாக விரியும் போரோசிலிக்கேட்டுக் கண்ணாடி பயன்படுகிறது. 1915 இல் பைரெக்சு என்ற வணிகப் பெயரில் இவ்வகைக் கண்ணாடியாலான சமையல் பாத்திரங்கள் விற்பனைக்கு வந்தன.

பயன்பாடுகள்

வண்டிச் சக்கரம்: மாட்டுவண்டியின் மரச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை பூட்டும் கொல்லர், சக்கரத்தைவிடச் சற்றுச் சிறிதாக வளையத்தைச் செய்து, தீயில் நன்கு சூடாக்குவார். 1.5 மீட்டர் விட்டமுள்ள வளையம் 500 பாகை சூடேறும்போது அதன் விட்டம் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் கூடும். அந்நிலையில் அதைச் சக்கரத்தில் மாட்டி நீர் ஊற்றினால், வளையம் சுருங்கி மரத்துண்டுகளை இறுகப் பிடித்துக்கொள்கிறது. இதற்கு ஆணியோ பசையோ தேவையில்லை.

ஈருலோகப் பட்டை: பித்தளை, உருக்கு போன்ற வெவ்வேறு குணகம் கொண்ட இரு உலோகத் தகடுகளை ஒட்டிச் செய்யப்படும் பட்டை, சூடாகும்போது குறைவாக விரியும் பக்கத்தை நோக்கி வளைகிறது. ஆங்கிலேயக் கடிகார வல்லுநர் சான் ஆரிசன் (1693–1776) தமது கடற்பயணக் கடிகாரம் ஒன்றில் இதனைப் பயன்படுத்தினார். தானியங்கி இசுத்திரிப் பெட்டியில், குறித்த வெப்பநிலையில் மின்னிணைப்பைத் துண்டிப்பதற்கும் இப்பட்டை பயன்படுகிறது.

குறைவாக விரியும் பொருட்கள்

உருக்குத் தண்டு கொண்ட ஊசல் கடிகாரம், வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 நொடி பின்தங்கும். இத்தகைய பிழைகளைக் குறைக்க இன்வார் என்னும் கலப்புலோகம் உதவியது. 64 விழுக்காடு இரும்பும் 36 விழுக்காடு நிக்கலும் கொண்ட இதனை, சுவிட்சர்லாந்தில் பிறந்த சார்லசு எடுவர்டு கியோம் 1896 இல் கண்டறிந்தார். நிக்கல் உருக்குக் கலப்புலோகங்களில் அவர் கண்டறிந்த பண்புகளுக்காக 1920 ஆம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

வெப்பத்தால் சுருங்கும் திண்மங்களும் உள்ளன. சிர்க்கோனியம் தங்குதேட்டு என்னும் சேர்மம் மிகப் பரந்த வெப்பநிலை எல்லையில் சூடாகச் சூடாகச் சுருங்குகிறது. சுருங்கும் படிகங்களையும் விரியும் கண்ணாடியையும் உரிய அளவில் ஒருங்கே கொண்ட கண்ணாடிப் பீங்கானில் இவ்விரு விளைவுகளும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. அவாய்த் தீவில் உள்ள கெக் தொலைநோக்கிகளின் ஆடிகள் இத்தகைய பொருளால் ஆனவை. பகலுக்கும் இரவுக்கும் இடையே வெப்பநிலை மாறினாலும் அவற்றின் வடிவம் ஏறக்குறைய மாறாதிருக்கிறது.