மூக்கில் ஏறும் நீர்: படகோட்டிக்கு மூக்குக் கிளிப் தேவையா?

மழைக்காலத்தில் கோழிக்கோடு மாவட்டத்தின் துஷாரகிரி பக்கம் போனவர்கள் அந்தக் காட்சியைப் பார்த்திருக்கலாம். சாலிப்புழா, இருவஞ்சிப்புழா ஆறுகளில் பாறைகளுக்கு இடையே நுரை பொங்கப் பாயும் நீரில் இளைஞர்கள் சிறு படகுகளில் சறுக்கி வருவார்கள். வெளிநாட்டு வீரர்களும் அங்கே வந்து போட்டியிடுகிறார்கள். இப்படி வெள்ளையாக நுரைத்து ஓடும் ஆற்று நீரை 'ஒயிட் வாட்டர்' என்பார்கள். அந்த நீரில் படகு ஓட்டுபவர்களில் சிலர் மூக்கில் சிறிய கிளிப் ஒன்றை மாட்டிக்கொள்கிறார்கள். பலர் மாட்டுவதில்லை.

தலைக்கு ஹெல்மெட்டும் உடம்புக்கு லைஃப் ஜாக்கெட்டும் இருக்கும்போது மூக்குக்கும் ஒரு பூட்டு வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். கேள்வி சின்னதுதான். ஆனால் அதற்கான பதில் நம் பிள்ளைகள் குளத்தில் குளிப்பதற்கும், நாம் ஒளூ செய்யும் தண்ணீருக்கும்கூடப் பொருந்துகிறது.

படகு கவிழ்ந்தால் என்ன ஆகும்?

கனோ என்பது முட்டி போட்டு அமர்ந்து, ஒரு பக்கம் மட்டும் அலகுள்ள துடுப்பால் ஓட்டும் படகு. கயாக் என்பது காலை நீட்டி அமர்ந்து, இரு பக்கமும் அலகுள்ள துடுப்பால் ஓட்டுவது. மேல்புறம் திறந்த கனோ கவிழ்ந்தால் ஆள் வெளியே விழுந்துவிடுவார். மேல்புறம் மூடிய படகுகளில் அப்படி இல்லை. நீர் உள்ளே வராதபடி ஓட்டுபவரின் இடுப்பைச் சுற்றி ஓர் உறை மாட்டியிருக்கும். படகு கவிழ்ந்தால் அவர் படகோடு சேர்ந்து தலைகீழாக நீருக்குள் இருப்பார். துடுப்பை வீசி, இடுப்பைத் திருப்பி, படகோடு மேலே எழ வேண்டும். இதற்கு 'ரோல்' என்று பெயர். தேர்ந்தவருக்கு இது சில நொடி வேலை. பழகுபவரோ ஒரே நாளில் பலமுறை கவிழ்ந்து எழ வேண்டியிருக்கும்.

நாம் நிமிர்ந்தபடி நீரில் முங்கும்போது மூக்குத்துளை கீழ்நோக்கி இருக்கும். உள்ளே அடைபட்ட காற்று நீரை ஓரளவு தடுக்கும். தலைகீழாகும்போது துளை மேல்நோக்கித் திரும்பிவிடும். காற்று வெளியேறும், நீர் உள்ளே புகும். குளிர்ந்த நீர் மூக்கின் உச்சிக்கு ஏறினால் சுரீரென்று வலிக்கும். வலியில் பதறியவர் துடுப்பை விட்டுவிடுவார், மேலே எழ முடியாமல் திணறுவார். சிலருக்கு அந்த நீர் சைனஸ் அறைகளில் தங்கி, பிறகு தலைவலியும் சளித்தொல்லையும் வரும். கிளிப் போட்டால் இந்தத் தொல்லை குறையும். பதற்றம் இல்லாமல் ரோல் பழகலாம்.

கிளிப் வேண்டாம் என்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. கவிழ்ந்தவுடன் மூக்கு வழியாக மெல்லக் காற்றை வெளியே விட்டுக்கொண்டே இருந்தால் நீர் ஏறாது என்பார்கள். உண்மைதான். ஆனால் மூச்சு தீரும்போதும், எதிர்பாராமல் கவிழும்போதும் அது கைகொடுக்காது. கிளிப்புக்கும் குறைகள் உண்டு. மூச்சிரைக்கும் நேரத்தில் வாயால் மட்டுமே மூச்சு விட வேண்டும். நீர் வேகமாக மோதினால் கிளிப் கழன்றுவிடும். அதனால்தான் சிலர் அதை நூலால் ஹெல்மெட்டில் கட்டிவைக்கிறார்கள். கிளிப் போட்டபடி தும்மினால் காதில் அழுத்தம் ஏறும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாய் வழியாக நீர் போவதை அது தடுக்காது. எனவே ஹெல்மெட்டுக்கும் லைஃப் ஜாக்கெட்டுக்கும் நீச்சல் பயிற்சிக்கும் அது மாற்று ஆகாது.

இதுவரை சொன்னது வசதி பற்றிய பேச்சு. உயிர் பற்றிய பேச்சு இனிமேல்தான்.

சார்லட் நகரில் நடந்தது

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் சார்லட் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 2006-ல் ஒயிட் வாட்டர் விளையாட்டுக்காகவே செயற்கை ஆறு ஒன்றைத் திறந்தார்கள். ஒரே நீரைப் பம்புகள் திரும்பத் திரும்ப மேலேற்றி ஓடவிடும். 2016 ஜூன் மாதம் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த 18 வயதுப் பெண் ஒருவர் அங்கே ரப்பர் படகில் போனார். படகு கவிழ்ந்தது. கரையேறி வீடு திரும்பியவர், சில நாட்களில் மூளைக் காய்ச்சலால் இறந்துபோனார்.

காரணம் நெக்லேரியா ஃபௌலெரி என்ற அமீபா. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தினர் அந்த நீரைச் சோதித்தபோது, எடுத்த 11 மாதிரிகளிலும் அது இருந்தது. நீரில் குளோரின் கலந்தார்கள், புற ஊதா ஒளியும் பாய்ச்சினார்கள். ஆனால் நீர் கலங்கி, பாசியும் குப்பையும் சேர்ந்திருந்ததால் அவை சரியாக வேலை செய்யவில்லை. செயற்கை ஆறு மூடப்பட்டது. நீரைச் சுத்திகரிக்கும் முறையைச் சரிசெய்த பிறகே மறுபடி திறந்தார்கள்.

இந்த அமீபா இருக்கும் நீரைக் குடித்தால் இந்நோய் வராது. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. கடல் நீரில் இது வாழாது. வெதுவெதுப்பான நன்னீர்தான் இதற்கு வீடு. மூக்கின் உச்சியில், மணத்தை உணரும் நரம்புகள் எலும்பின் நுண்துளைகள் வழியாக மூளைக்குப் போகின்றன. மூக்கில் நீர் வேகமாக ஏறும்போது அமீபா அந்த நரம்பைப் பற்றிக்கொண்டு மூளைக்குள் நுழைந்துவிடுகிறது. நோய் மிக அரிது. அமெரிக்காவில் 1962 முதல் 2023 வரை 164 பேருக்குத்தான் வந்திருக்கிறது. ஆனால் அவர்களில் பிழைத்தவர்கள் 4 பேர் மட்டுமே.

அப்படியானால் பதில் என்ன?

பதிலை நீரைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மலையிலிருந்து இறங்கி வேகமாக ஓடும் குளிர்ந்த ஆற்றில் இந்த அமீபா பெருகுவதற்கு வாய்ப்புக் குறைவு. அங்கே கிளிப் போடுவது அவரவர் வசதி. கோடையில் நீர் குறைந்து சூடேறிய ஆறு, தேங்கிய நீர், ஒரே நீரைச் சுழற்றி ஓடவிடும் செயற்கை ஓடை ஆகியவற்றில் தலைகீழாகக் கவிழ்ந்து பழகுபவர் கிளிப் போட்டுக்கொள்வதே நல்லது. கிளிப் ஆபத்தை முழுவதும் நீக்கிவிடாது, ஆனால் குறைக்கும். விலையும் அதிகமில்லை.

நம் வீட்டுக்கு வருவோம்

2024-ல் மே முதல் ஜூலைக்குள் மலப்புரம், கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களில் சிறார் மூவர் அமீபா மூளைக் காய்ச்சலால் இறந்தார்கள். துஷாரகிரி ஆறுகள் ஓடும் அதே கோழிக்கோட்டில், அதே ஜூலையில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் பிழைத்தான். நோய் சீக்கிரம் கண்டறியப்பட்டு மருந்து உடனே தொடங்கியதே அவனைக் காப்பாற்றியது.

ஒளூ செய்யும் நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. கராச்சியில் 2008, 2009 ஆண்டுகளில் இந்நோய் கண்ட 13 பேரில் அநேகருக்கு நீந்திய பழக்கம் இருக்கவில்லை. ஒளூவின்போது மூக்கில் செலுத்திய வீட்டுத் தண்ணீர்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் கருதினார்கள். இதற்காக யாரும் ஒளூவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. தண்ணீரைத்தான் கவனிக்க வேண்டும்.

• பள்ளிவாசல் ஹவுளையும் வீட்டுத் தொட்டியையும் முறையாகக் கழுவி, குளோரின் போட்டுவையுங்கள்.

• நீரின் சுத்தத்தில் சந்தேகம் இருந்தால், கொதிக்கவைத்து ஆறிய நீரை மூக்கிற்குப் பயன்படுத்துங்கள். மூக்கின் உச்சிவரை பலமாக உறிஞ்ச வேண்டாம்.

• கோடையில் தேங்கிய குளம், கிணறு, பராமரிப்பில்லாத நீச்சல்குளம் ஆகியவற்றில் பிள்ளைகள் தலைகுப்புறக் குதிக்க வேண்டாம். அடிச்சேற்றைக் கலக்க வேண்டாம். முங்கினால் மூக்கைப் பிடித்துக்கொள்ளட்டும், அல்லது கிளிப் போட்டுக்கொள்ளட்டும்.

• குளித்த பின் 12 நாட்களுக்குள் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு, பேச்சில் தடுமாற்றம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மருத்துவமனைக்குப் போனதும், "பிள்ளை இந்த நாளில், இந்தக் குளத்தில் குளித்தான்" என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாதாரண மூளைக் காய்ச்சலும் இதுவும் தொடக்கத்தில் ஒரே மாதிரி தோன்றும். நீங்கள் சொல்லும் அந்த ஒரு தகவல்தான் சரியான பரிசோதனைக்கு வழிகாட்டும்.