சின்ன வெங்காயத்தை இலாபகரமாக விற்றல்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் பகுதிகளில் சின்ன வெங்காயம் முக்கியமான பணப்பயிராகும். நிலத்தைப் பண்படுத்தல், நடுகை, இறைப்பு, களைபிடுங்கல், நோய்த்தடுப்பு ஆகியவற்றில் இங்குள்ள கமக்காரர் மிகுந்த திறமை உடையவர். ஆயினும், இரண்டு மாதங்களுக்கு மேலாகப் பாடுபட்டு விளைவித்த பொருளை ஒரு காலைப்பொழுதில், கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையுடன் வீடு திரும்புவோர் பலர். விளைவிப்பது தொழிலின் ஒரு பாதி. விற்பது மறு பாதி. இம்மறு பாதியிற் கவனிக்கவேண்டியவை இங்கு விளக்கப்படுகின்றன.

விற்பனை தோட்டத்திலேயே தொடங்குகிறது

நல்ல விலை பெறும் வெங்காயம் நன்கு காய்ந்து, கழுத்து இறுகி, மேற்றோல் பளபளப்பாக இருக்கும். இத்தன்மையைச் சந்தையில் உண்டாக்க முடியாது. தாள்களிற் பாதிக்கு மேற்பட்டவை சாய்ந்த பின்னரே அறுவடை செய்தல் வேண்டும். அதற்கு ஒரு வாரம் முன்னரே இறைப்பை நிறுத்திவிடல் நன்று. பயிரின் கடைசிக் காலத்தில் யூரியா இடுவதால் தாள் செழிக்குமேயன்றிக் குமிழ் இறுகாது. கழுத்துத் தடித்த குமிழ்கள் விரைவில் அழுகும்.

கிளப்பிய வெங்காயத்தை, ஒன்றின் தாள் மற்றொன்றின் குமிழை மூடும்படி பரப்பி, கடும் வெயில் படாது உலர்த்துக. பின்னர் பிடிகளாகக் கட்டி, காற்றோட்டமுள்ள கொட்டிலில் தொங்கவிடல் வேண்டும். மழை வருமென்று கண்டால் படங்கினால் மூடலாம். மழை விட்டதும் படங்கை உடனே நீக்கவேண்டும். மூடியபடியே விட்டால் உள்ளே வெப்பமும் ஈரமும் சேர்ந்து அழுகல் பரவும்.

தரம்பிரித்தல்

பெரியதும் சிறியதும், காய்ந்ததும் காயாததும் கலந்த குவியலுக்கு வியாபாரி கூறும் விலை பெரும்பாலும் அதிலுள்ள மட்டமான வெங்காயத்தின் விலையே. ஆதலின் விளைவை நான்காகப் பிரித்தல் நன்று. காயம்பட்டவை, கழுத்துத் தடித்தவை, முளைவிட்டவை முதலாவது வகை; இவற்றை உடனே விற்றுவிட வேண்டும். சிறு குமிழ்கள் இரண்டாவது. பருத்து, சீராகக் காய்ந்தவை மூன்றாவது; இவையே இருப்பு வைத்தற்கு ஏற்றவை. நோயற்ற பாத்திகளிலிருந்து தெரிந்தெடுத்தவை நான்காவது. இவற்றை விதை வெங்காயமாக வேறாக வைக்கவேண்டும். நடுகைக் காலம் நெருங்கும்போது நல்ல விதை வெங்காயத்திற்குத் தேவை மிகும்.

மூட்டையின் மேற்பகுதியில் நல்லனவும் அடியில் தாழ்ந்தனவும் வைப்பவர் ஒரு முறையே இலாபம் பெறுவார். அடுத்த முறை அவருடைய மூட்டையை வியாபாரி கொட்டிப் பார்த்தே விலை பேசுவார். பொதி செய்வதற்குப் பொலித்தீன் பை ஆகாது. காற்றுப் புகும் வலைப்பையே ஏற்றது.

இன்று விற்பதா, இருப்பு வைப்பதா?

அறுவடைக் காலத்தில் எல்லோருடைய வெங்காயமும் ஒருங்கே சந்தைக்கு வருவதால் விலை இறங்குகிறது. சில வாரங்கள் பொறுத்தால் விலை ஏறக்கூடும். ஆனால் விலை ஏறுவதெல்லாம் இலாபமாகாது. பின்வரும் எடுத்துக்காட்டை நோக்குக.

கமக்காரர் ஒருவரிடம் 1,000 கிலோ வெங்காயம் உண்டு; அன்றைய விலை கிலோ 200 ரூபா எனக் கொள்வோம். அன்றே விற்றால் 200,000 ரூபா கிடைக்கும். இரண்டு மாதம் வைத்திருந்து, நீர் வற்றுதலாலும் அழுகலாலும் நூற்றுக்கு 15 பங்கு குறையுமாயின், எஞ்சுவது 850 கிலோ. பொறுக்குதற் கூலியும் வலைப்பையும் 8,000 ரூபா. அடகு வைத்த நகையின் வட்டி 5,000 ரூபா. எனவே அவர் 213,000 ரூபா பெற்றாலன்றி முதல்நாள் விற்றதற்குச் சமமாகாது. இதனை 850 கிலோவாற் பிரித்தால் கிலோவுக்கு ஏறத்தாழ 251 ரூபா வருகிறது. விலை 240 ரூபாவுக்கு ஏறிவிட்டதென்று மகிழ்ந்து விற்பவர் உண்மையில் நட்டமடைகிறார்.

ஆகவே ஒவ்வொருவரும் தம் கொட்டிலில் ஏற்படும் குறைவைத் தாமே நிறுத்து அறிதல் வேண்டும். அறுவடையன்று 10 கிலோவைத் தனியே நிறுத்துத் தொங்கவிட்டு, இரு வாரத்திற்கு ஒருமுறை அழுகியதை நீக்கி மீண்டும் நிறுத்தால் கணக்குத் தெளிவாகும். முழுவதையும் இருப்பு வைக்காது, கடனுக்கும் கூலிக்கும் வேண்டிய அளவை முதலில் விற்று, எஞ்சியதைப் பகுதி பகுதியாக விற்பதே பாதுகாப்பானது.

அயல்நாட்டுச் செய்தியையும் கவனித்தல் வேண்டும். இந்தியா 2023 டிசெம்பரில் வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்து, 2024 மே மாதத்தில் அத்தடையை நீக்கியது. பெரிய வெங்காயத்தின் வரவு குறையும்போது சின்ன வெங்காயத்திற்குத் தேவை கூடும். கப்பல் வந்ததும் அத்தேவை இறங்கும். இறக்குமதி வரி மாற்றங்களும் இவ்வாறே விலையைப் பாதிக்கும்.

விலையும் நிறையும்

விற்பதற்கு முதல்நாள் மாலை, இரண்டு மூன்று சந்தைகளின் விலையைக் கைத்தொலைபேசியிற் கேட்டறிதல் இன்று எளிது. தம்புள்ளை, கொழும்பு ஆகிய இடங்களின் விலைகளை ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகம் வெளியிட்டு வருகிறது. தூரத்துச் சந்தையின் விலையைக் கேட்டு மயங்காது, லொறிக் கூலி, ஏற்றியிறக்கும் கூலி, தரகு ஆகியவற்றைக் கழித்தே ஒப்பிடவேண்டும்.

சில சந்தைகளில் நிறையிலிருந்து ஒரு பகுதியைக் கழிவாகக் கொள்ளும் வழக்கம் உண்டு. நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ கழிக்கப்படுமாயின், 250 ரூபா என்று கூறப்படும் விலை உண்மையில் 225 ரூபாவே. கழிவின்றி 235 ரூபா தருபவரே மேலான வியாபாரி. விலை பேசும்போதே கழிவையும் பேசிக்கொள்ளல் வேண்டும். நிறுத்த பின்னர் பேசுவதாற் பயனில்லை. தராசில் உரிய முத்திரை உண்டா என்று பார்ப்பதும், வீட்டில் ஒருமுறை நிறுத்துக் கொண்டு செல்வதும் நன்று. பேசிய விலையையும் அளவையும் கைத்தொலைபேசியில் எழுத்துச் செய்தியாக அனுப்பி வைத்தால் பின்னர் பிணக்கு எழாது.

தனித்து நிற்பவர் பத்து மூட்டைக்கு லொறி பிடிக்க முடியாது. அயலவர் சிலர் ஒரே தரமாகப் பிரித்து ஒன்றாக ஏற்றினாற் கூலி குறையும்; வியாபாரியும் தோட்டத்திற்கே வருவார். கமநல சேவை நிலையத்தோடு தொடர்புடைய கமக்காரர் அமைப்பு இதற்கு உதவக்கூடும்.

கணக்குக் கொப்பி

திகதி, தரம், நிறை, வாங்கியவர், விலை, கழிவு, கூலி, கைக்கு வந்த பணம் ஆகிய எட்டு நிரல்கள் கொண்ட ஒரு கொப்பி போதுமானது. செலவுகளை அதன் மறுபுறத்தில் எழுதலாம். வீட்டாரின் உழைப்பையும் கூலியாகக் கணக்கிடுதல் வேண்டும். இரண்டு போகங்களின் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தால், எவ்வளவு பரப்பில் நடுவது, எவ்வளவை இருப்பு வைப்பது, எவரிடம் விற்பது என்பன தெளிவாகும்.

மேலும் விளக்கம் வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகலாம். அல்லது 1920 என்ற தொலைபேசி இலக்கத்தில் விவசாயத் திணைக்களத்துடன் பேசலாம். நிறையையும் விலையையும் கணக்கையும் அறிந்த கமக்காரர் சந்தையில் எவர் முன்னும் தலைகுனிய வேண்டியதில்லை.